புள்ளி தொலைந்தால் யார் பொறுப்பு?

இணைய இதழ் தொடங்க விரும்பும் நண்பர்கள் முதலில் கேட்பது, 'எந்த நிரல்மொழி சிறந்தது?' என்பதுதான். பிஎச்பி என்று ஒரு கட்சி, பைத்தான் என்று மறுகட்சி. பட்டிமன்றம் ஓய்வதில்லை. இதழாசிரியரோ, 'அது கணினிக்காரர் விஷயம்' என்று ஒதுங்கிக்கொள்கிறார். இந்த ஒதுங்கலைத்தான் நான் கண்டிக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பது அச்சகத்தாரின் வேலை என்று விட்டுவிடும் ஆசிரியரை நாம் மதிப்போமா?

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. யுடிஎஃப்-8 முறையில் எழுதிய அதே சொல்லைப் பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தான் 3 சொல்வது 5. ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். கவிதையின் முதல் சில எழுத்துகளை மட்டும் முகப்பில் காட்ட நினைத்து, நான்காம் குறியீட்டோடு வெட்டினால் 'தமிழ்' 'தமிழ' ஆகிவிடும். பைட்டுக் கணக்கில் வெட்டினாலோ எழுத்தே சிதையலாம்.

மூன்று என்று சரியாக எண்ணும் வழி பிஎச்பியிலும் உண்டு. ஆனால் அது 'இன்ட்டில்' என்னும் தனி நீட்சியில் இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வழங்கியில் அது நிறுவப்பட்டுள்ளதா? எலிக்சர் மொழி இயல்பாகவே மூன்று என்கிறது. மலிவு வாடகை வழங்கிகளில் அதற்கு இடம் கிடைப்பதோ அரிது.

ஆகவே மொழியை மட்டும் பார்த்தால் போதாது. அது குடியேறும் வீட்டையும் பார்க்கவேண்டும். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு வழக்கமாக ஒன்றே, லினக்ஸுக்கு வேறுவேறு. வீட்டுக் கணினியில் ஒழுங்காகத் திறந்த பக்கம் வழங்கியில் காணாமற்போவதற்கு இதுவே போதும். 2015இல் வந்த பிஎச்பி 7, மைஎஸ்க்யூஎல் தரவுதளத்துக்கான பழைய கட்டளைகளை நீக்கிவிட்டது. அவற்றையே நம்பி எழுதப்பட்ட தளம், வழங்கி புதிய பதிப்புக்கு மாறினால் நின்றுபோகும். பைத்தான் 2க்கான ஆதரவும் 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது.

பணம் கட்டுமுன் ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: வழங்கியில் இருப்பது எந்தப் பதிப்பு? அதற்கான ஆதரவு எந்த ஆண்டு முடிகிறது? 'தமிழ்' என்ற சொல்லை அது எத்தனை எழுத்தென்று எண்ணுகிறது? விடையை வாய்மொழியாகப் பெறாமல், அந்த வழங்கியிலேயே இயக்கிப் பார்த்து அறியட்டும்.

பழைய சிற்றிதழ்களைக் கரையான் தின்றதென்று வருந்துகிறோம். கரையானுக்கு எழுத்தறிவு இல்லை. நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.