முதல் ஹெலி: எது பறக்கும் எண்டு கேட்காதீங்கோ, எது திருத்தலாம் எண்டு கேளுங்கோ

வன்னியில பல வீட்டு ஷோகேஸ்களுக்குள்ள ஒரு றிமோட் ஹெலி இருக்கும். வெளிநாட்டில இருந்து வந்த சித்தப்பா கொண்டு வந்தது, இல்லாட்டி கோயில் திருவிழாக் கடையில அழுது வாங்கினது. வந்த அன்று முற்றத்தில ரெண்டு தரம் எழும்பியிருக்கும். மூன்றாம் தரம் மாமரத்தில அடிபட்டு விழுந்திருக்கும். பிறகு ஒரு கிழமை கட்டிலுக்குக் கீழ, அதுக்குப் பிறகு கண்ணாடிக்குப் பின்னால. "பெடியன் உடைச்சுப் போட்டான்" என்பது வீட்டின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதுதான் எங்கட வாதம். ஹெலி என்றால் விழும். விழாமல் பழகின ஆள் ஒருத்தரும் இல்லை. விழுந்ததைத் திருத்த முடியாத ஒரு சாமானைப் பிள்ளையின் கையில கொடுத்துவிட்டு, உடைஞ்சதும் பிள்ளையைப் பேசுறது என்ன நியாயம்? பிழை பெரும்பாலும் வாங்கும்போதே நடந்து முடிஞ்சிருக்கும்.

எங்கட கிளிநொச்சி அறிவியல் நகரில பொறியியல் பீடமே இருக்குது, கலைப்பீடத்து ஆக்கள் நீங்கள் ஏன் இதை எழுதுறியள் எண்டு கேட்பீங்கள். கேள்வி சரி. ஆனால் ஒரு சாமானைப் பழுது பார்த்துப் பாவிக்கிறது பொறியியலாளருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த உரிமை இல்லையே. ஒரு சின்ன ஸ்குறூ ட்ரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எங்களைப் போல ஆக்களுக்கும் இது பிடிபடும்.

முதல் விசயம், ஹெலி ஏன் இவ்வளவு அடம்பிடிக்குது? மேல விசிறி ஒரு பக்கம் சுத்தினால் உடம்பு மற்றப் பக்கம் சுத்தப் பார்க்கும். இகோர் சிகோர்ஸ்கி 1939இல் விஎஸ்-300ஐ எழுப்பினபோது, வாலில ஒரு சின்ன விசிறியைப் பக்கவாட்டில வைத்து அந்தச் சுழற்சியை மறித்தார். இன்றைக்கு நாங்கள் காணும் பெரும்பாலான ஹெலிகளின் அமைப்பு அதுதான். ஆனால் மேல் விசிறியின் வேகம் மாறும்போதெல்லாம் வால் விசிறியும் அதுக்கேற்ப மாற வேணும். உள்ளே ஜைரோ இருந்து உதவினாலும், ஒற்றை விசிறி ஹெலி அந்தரத்தில நிக்கிற ஒவ்வொரு நொடியும் எங்கேயாவது சரியத்தான் பார்க்கும். பழகாத கைக்கு அது பெரிய வேலை.

இதுக்கு இன்னொரு வழி இருக்குது. ஒரே தண்டில மேலும் கீழுமாக ரெண்டு விசிறி, ஒன்று இடம் சுத்த மற்றது வலம் சுத்தும். ஒன்றின் இழுவையை மற்றது தின்றுவிடும். கோஆக்ஸியல் என்று சொல்லுவினம். பிடியை விட்டாலும் பெரும்பாலும் நின்ற இடத்திலயே நிக்கும். முதல் ஹெலி வாங்கிறவைக்கு எங்கட பதில் இதுதான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகின சைமா எஸ்107 இந்த வகை. ஒரு சாண் நீளம், உலோகச் சட்டம், உள்ளே ஜைரோ. ஏறி இறங்கும், திரும்பும், முன்னும் பின்னும் போகும். பக்கவாட்டில போகாது. வாலில இருக்கிற குட்டி விசிறி மேல் நோக்கிப் படுத்திருக்கும். அது வாலைத் தூக்கினால் மூக்கு குனிஞ்சு முன்னால போகும். இதை ஒருக்கால் உத்துப் பார்த்தாலே ஹெலியின் பாதிப் பாடம் முடிஞ்சுது.

இது கையில படிஞ்ச பிறகு அடுத்த படி, டபிள்யூஎல்ரோய்ஸ் வி911 போன்ற ஒற்றை விசிறிக் குட்டி ஹெலி. பக்கவாட்டிலயும் போகும், பற்றரியைக் கழற்றி மாத்தலாம். பறக்கும்போதே பிளேட்டின் சாய்வை மாத்துகிற, தலைகீழாகப் பறக்கிற வகைகளை யூரியூப்பில பார்த்து ஆசைப்படாதீங்கோ. அதுகளில ஒரு விழுகைக்கு ஒரு கைநிறையச் சாமான் மாத்த வேண்டி வரும்.

"ஹெலி ஏன், ட்ரோன் வாங்கினால் கலியாண வீட்டுக்கு வீடியோ எடுத்து உழைக்கலாமே" என்று சொல்லுறவையும் இருக்கினம். உழைக்கிறதுதான் நோக்கம் என்றால் அது நியாயமான கதை. ஆனால் ட்ரோனை அந்தரத்தில நிறுத்தி வைக்கிற வேலையை உள்ளே இருக்கிற கணினி செய்யும். சின்ன ஹெலியில மிச்ச வேலை உங்கட விரலுக்கு இருக்கும். அதோட கமெரா வைச்ச ட்ரோனுக்கு அனுமதி, பதிவு என்று பெரிய கதை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோனைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். இப்பவும் வெளியில எதையாவது பறக்கவிட முதல் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதி என்ன என்று பார்க்கிறது நல்லது. விளையாட்டு ஹெலி என்றாலும் முகாம்களுக்குக் கிட்டவும், இரணைமடு, வவுனியா விமானப்படைத் தளங்களின் பக்கமும் வேண்டவே வேண்டாம்.

கடையில மூன்று கேள்வி கேளுங்கோ. ஒன்று, பிளேட், பல்சக்கரம், மேல இருக்கிற சமநிலைக் கம்பி, வால் மோட்டர், இதுகள் தனியாக வாங்கலாமா? இல்லை என்றால் பெட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும் வைச்சிட்டு வாங்கோ. இல்லாட்டி முதல் நாளே மேலதிகமாக ஒரு சோடி பிளேட் சேர்த்து எடுங்கோ. ரெண்டு, றிமோட் எந்த வகை? எஸ்107 மாதிரிப் பழைய மாதிரிகள் அகச்சிவப்புக் கதிரில, அதாவது டிவி றிமோட் மாதிரி வேலை செய்யும். எங்கட வெயிலுக்குள்ள அது எடுபடாது. சூரிய ஒளியிலயும் அகச்சிவப்பு இருக்கிறதால ஹெலிக்கு றிமோட்டின் சொல் கேட்காமல் போகும். வீட்டுக்குள்ள மட்டும் பறக்கவிடலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ என்றால் வெயில் பிரச்சினை இல்லை. மூன்று, பற்றரி கழற்றக் கூடியதா, உள்ளுக்கயே ஈயம் பத்தவைச்சதா? உள்ளுக்க என்றாலும் பரவாயில்லை. பத்தவைக்கத் தெரிஞ்ச போன் திருத்துற கடை ஒவ்வொரு சந்தியிலயும் இருக்குது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். புதுசு வாங்க ஏலாது, திருத்தத்தான் ஏலும்.

பழகிற விதமும் பராமரிப்பில ஒரு பகுதிதான். வால் உங்களைப் பார்க்க, மூக்கு அங்கால பார்க்க நிலத்தில வையுங்கோ. மெதுவாக எழுப்பி முழங்கால் உயரத்தில நிறுத்தப் பழகுங்கோ. நிலத்தோட ஒட்டி நிண்டால், கீழ தள்ளின காத்தே திரும்பி வந்து ஹெலியை ஆட்டும், அதால பயந்து பயந்து நாலு விரல் உயரத்தில வைச்சிருக்கிறதுதான் கஷ்டம். தானாக ஒரு பக்கம் சுத்தினால் றிமோட்டில ட்ரிம் பொத்தானை மறுபக்கம் ஒவ்வொரு சொடுக்காக அழுத்துங்கோ. எதிலயாவது முட்டப் போகுது என்றால் உடனே மோட்டரை நிறுத்துங்கோ. விழுகிறதால வருகிற சேதத்தை விட, சிக்கின விசிறியைச் சுத்தப் பார்த்து எரியுற மோட்டரும் பல்லுப் போகிற சக்கரமும்தான் கூட.

பற்றரிக்கு வருவம். இந்த ஹெலிகளில லித்தியம் பொலிமர். ஒரு கலம் 3.7 வோல்ட், நிறைஞ்சால் 4.2. மூன்றுக்குக் கீழ இறங்கினால் பழுதாகும். அளக்க மீற்றர் தேவையில்லை. ஹெலி ஏறக் கஷ்டப்படத் தொடங்கினால் இறக்கிப் போடுங்கோ, "இன்னும் ஒருக்கால்" வேண்டாம். இறக்கின உடனே சார்ஜும் வேண்டாம். கால் மணித்தியாலம் ஆறவிடுங்கோ. ஹெலியோட வந்த கேபிளை மட்டும் பாவியுங்கோ, மெத்தையில வைக்காமல் சீமெந்து நிலத்தில வையுங்கோ, போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீங்கோ. சோதனைக் காலத்தில மாதக்கணக்காக ஒதுக்கி வைக்கிறதென்றால் பாதி சார்ஜோட வையுங்கோ. தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற றாக்கை அதுக்கு ஏற்ற இடமில்லை. பற்றரி வீங்கினால் அதோட கதை முடிஞ்சுது. எங்கட ஊரில பின்னேரம் வளவுக் குப்பையைக் கூட்டிக் கொளுத்துறது வழக்கம். அந்த நெருப்புக்குள்ள வீங்கின பற்றரி போகக் கூடாது, வெடிச்சு எரியும்.

மற்றப்படி வன்னி மணல்தான் எதிரி. முற்றத்து மணலில இருந்து எழுப்பினால் விசிறிக் காத்தில மண் கிளம்பிப் பல்சக்கரத்துக்குள்ள போகும். ஒரு பாய் விரிச்சு அதில இருந்து எழுப்புங்கோ. ஒவ்வொரு நாளும் முடிய ஒரு பழைய பெயின்ற் பிரஷால தட்டிவிடுங்கோ. தண்டில தலைமயிர், நூல் சுத்தியிருந்தால் குறடால எடுங்கோ. தண்டு சுழலுற இடத்துக்கு ஒரு ஊசி முனையளவு தையல் மிசின் எண்ணெய் காணும், கூட விட்டால் மண் ஒட்டும். ஸ்குறூக்களை ஒவ்வொரு கிழமையும் பாருங்கோ, ஆனால் பிளேட்டைப் பிடிச்சிருக்கிற ஸ்குறூவை இறுக்கிப் பூட்டக் கூடாது. பிளேட் தளர்வாக ஆட வேணும். வெடிச்ச பிளேட்டைப் பசை போட்டு ஒட்டாதீங்கோ, பாரம் மாறி முழு ஹெலியும் நடுங்கும். இந்த வேலையெல்லாம் மிசினுக்கு எண்ணெய் விட்டுப் பழகின அக்காமாருக்கு எங்களை விட நல்லா வரும். ஆனால் எங்கட வீடுகளில றிமோட் எப்பவும் தம்பியின் கையிலதான் போகுது.

வெளியில எப்ப பறக்கவிடலாம்? சோளகம் வீசுற மாதங்களில ஆசைப்படாதீங்கோ. விடியக் காலமை மரத்து இலை ஆடாத நேரம் கொஞ்சம் சரி. பட்டம் ஏற்றக் காத்து வேணும், ஹெலிக்குக் காத்தே வேண்டாம். ஹெலி வேலி தாண்டிப் பத்தைக்குள்ள போனால் ஓடிப் போய் எடுக்க முதல் யோசியுங்கோ. முகமாலைப் பக்கம் போர் முடிஞ்சு எத்தனை வருசமாகக் கண்ணிவெடி எடுக்கிறாங்கள் என்று உங்களுக்குத் தெரியும். மண்டையோட்டுப் பலகை நிக்கிற காணிக்குள்ள விழுந்த ஹெலியை எடுக்கப் போகக் கூடாது. அது போனது போனதுதான்.

இன்னொன்று, இதை எந்தப் பெட்டியிலயும் அச்சடிக்க மாட்டாங்கள். எங்கட அம்மா அப்பாவுக்கும் அம்மம்மாமாருக்கும் இந்தச் சத்தம் விளையாட்டுச் சத்தம் இல்லை. பெல் 212, 412, பிறகு எம்ஐ-24 என்று பேர் தெரியாமலே, கிபீரா, ஹெலியா, சகடையா என்று காதால பிரிச்சறிஞ்சு பங்கருக்குள்ள இறங்கின ஆக்கள் அவை. ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனம் வைச்ச பேர் வண்டு. சின்ன ஹெலியின் இரைச்சல் அந்த வண்டின் இரைச்சலுக்குக் கிட்ட. ஆகவே திடீரென்று முற்றத்தில எழுப்பாதீங்கோ. சொல்லிப் போட்டு எழுப்புங்கோ. வேண்டாம் எண்டால் நிப்பாட்டுங்கோ. முதலில நிறுத்தி வைச்சுக் கையில கொடுத்துக் காட்டுங்கோ.

"அப்ப இந்த மண்ணுக்கு ஹெலி தேவையா" என்று கேட்கிறவையை நாங்கள் குறை சொல்ல மாட்டம். ஆனால் எங்கட பதில், தேவை. டோர்ச் பற்றரி கூடத் தடைசெய்யப்பட்ட காலத்தில, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி றேடியோ கேட்ட சனம் இது. சாமானைத் திறந்து பார்க்கிற கை எங்களுக்குப் பரம்பரையாக வந்தது. அந்தச் சனத்துக்கு மேல பறந்தவற்றின் பிடி எப்பவும் வேற ஆரோ ஒருத்தரின் கையில இருந்தது. அதே யந்திரத்தின் ஒரு சாண் உருவத்தை ஒரு பிள்ளை மேசையில வைச்சுக் கழற்றி, இது ஏன் பறக்குது, ஏன் விழுகுது என்று விளங்கிக் கொள்ளுறது எங்களுக்குச் சின்ன விசயமாகத் தெரியேல்லை.

அதுக்கு இடமும் இருக்குது. வீட்டுத்திட்டத்தில கட்டின 550 சதுர அடி வீட்டுக்குள்ள ஹெலி பழக ஏலாதுதான். ஆனால் எங்கட கிராமங்களில பொதுநோக்கு மண்டபம் என்று ஒன்று இருக்குது. கூட்டம் இல்லாத நாளில பூட்டிக் கிடக்கும். வெயில் இல்லை, காத்து இல்லை, மணல் இல்லை, கண்ணிவெடிப் பயமும் இல்லை. கோஆக்ஸியல் ஹெலிக்கு இதை விட நல்ல இடம் என்ன? மேல ஃபேன் இருந்தால் அதை மட்டும் நிற்பாட்டி விட வேணும். ஞாயிறு பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் திறப்பைத் தந்தால் போதும். சனசமூக நிலையக்காரர் கொஞ்சம் மனம் வைக்க வேணும்.

ஆளுக்கொரு ஹெலி தேவையில்லை. ஒரே மாதிரி ரெண்டு ஹெலி, ஒரு ரின்னுக்குள்ள உதிரிப் பாகங்கள், நாலு குட்டி ஸ்குறூ ட்ரைவர். ஒரே மாதிரி என்றால் ஒன்று பழுதானாலும் அதின் பாகம் மற்றதுக்கு உதவும். ஒரேயொரு விதி வைக்கலாம்: உடைச்ச ஆள் திருத்திற ஆளுக்குப் பக்கத்தில இருந்து கடைசி ஸ்குறூ பூட்டும் மட்டும் பார்க்க வேணும், பேச்சு வாங்கத் தேவையில்லை. ஷோகேஸுக்குள்ள கிடக்கிறதுகளையும் எடுத்துக் கொண்டு வாங்கோ. பாதிக்கு மேல திருந்தாது என்றாலும், பாகத்துக்கு உதவும்.