குடும்பத் தியானத்தில் குடும்பத் தலைவர் எங்கே?

தவக்காலம் நெருங்கிவிட்டால் திருவாடானை வட்டாரப் பங்குகளில் குடும்பத் தியான அறிவிப்புகள் பெருகும். அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்து, கையில் சிறிது ஓய்வும் பணமும் இருக்கும் காலம் அது. வெள்ளி மாலை வேன் புறப்படும். ஞாயிறு மாலை திரும்பும். மறையுரை, செபமாலை, ஒப்புரவு, நற்கருணை ஆராதனை, குணமளிக்கும் வழிபாடு என்று இரண்டு நாள்களும் நிறைந்திருக்கும். இவற்றுள் ஒன்றையும் நாம் குறைகூறவில்லை. ஆயினும், வேனுக்குள் எட்டிப் பார்ப்பவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. தாய்மாரும் பிள்ளைகளும் இருக்கின்றனர். குடும்பத் தலைவர் எங்கே?

கடல் கடந்து உழைப்பவரையோ, தொண்டிக் கடலில் தொழிலுக்குச் சென்றிருப்பவரையோ நாம் கேட்கவில்லை. 'நீங்கள் போய் எனக்கும் சேர்த்துச் செபித்து வாருங்கள்' என்று மனைவி மக்களை ஏற்றி அனுப்பிவிட்டு, ஊரிலேயே இருந்துகொள்ளும் தந்தையரையே கேட்கிறோம். மனமாற்றத்திற்கு ஆள் அனுப்ப முடியுமா?

சரி, சென்ற பெண்ணுக்குச் சில தியான மேடைகளில் கிடைக்கும் போதனைதான் என்ன? கணவர் குடித்தால் பொறுத்துக்கொள். அடித்தால் அவருக்காக உபவாசமிரு. இல்லத்தில் அமைதி இல்லையெனில் உன் செபத்தில் குறை இருக்கிறது! மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்னும் எபேசியர் 5:22ஐ உரக்க வாசிக்கும் போதகர், இருவரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கப் பணிக்கும் 21ஆம் வசனத்தைத் தாண்டிவிடுகிறார். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவர் அன்புசெய்ய வேண்டும் என்னும் 25ஆம் வசனத்தைக் கேட்கவேண்டியவரோ அங்கே இல்லை. இது நற்செய்தியன்று, காயப்பட்டவர் மீதே பழியைச் சுமத்துவதாகும்.

திருச்சபையின் போதனை இதுவன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றழைத்தது. பெண்கள்மீது இழைக்கப்படும் வன்முறை ஆண்மையின் ஆற்றலன்று, கோழைத்தனமே என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்வு' மடலில் (2016, எண் 54) கண்டித்தார். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ உள்ளத்தாலோ பெருந்தீங்கு நேருமாயின் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே (எண் 1153) இடந்தருகிறது. நாட்டின் சட்டமும் 2005இல் குடும்ப வன்முறைக்கு எதிராகப் பெண்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. இவற்றைத் தியான மேடையில் மறைப்பது எவ்வகையில் மேய்ப்புப் பணி ஆகும்?

'ஆண்கள் வரமாட்டார்கள், மனைவியின் செபத்தால் அருள் வீட்டுக்குள் நுழையாதா?' என்பர் சிலர். உடனே புனித மோனிக்காவைச் சுட்டுவர். மோனிக்காவின் பொறுமை அவருடைய புண்ணியம். அது பத்ரீசியுவின் கோபத்திற்கு வழங்கப்பட்ட அனுமதிச்சீட்டு அன்று.

நம் வட்டத்து ஓரியூர் மண்ணே இதற்குச் சான்று பகரும். நோயுற்றிருந்த தடியத் தேவர் செபத்தால் நலமடைந்து, திருமுழுக்குக் கேட்டார். நலமடைந்ததே போதும் என்று புனித அருளானந்தர் விட்டுவிடவில்லை. பல மனைவியரை உடைய அவர், ஒருவருடன் மட்டும் வாழ வேண்டும் என்றார். விலக்கப்பட்டவர்களுள் சேதுபதியின் உறவுப் பெண்ணும் ஒருவர். அவர் முறையிட்டதன் தொடர்ச்சியாகவே 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. விலக்கப்பட்ட பெண்களின் துயரமும் அவ்வரலாற்றின் பகுதியே. ஆண் திருந்தும்போதுகூட விலை கொடுப்பவள் பெண் என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் ஒன்று தெளிவு. அந்த மறைசாட்சி கேட்டது கண்ணீரை அன்று. ஓர் ஆண்மகன் தன் வீட்டில் நடந்துகொள்ளும் முறையில் மாற்றத்தை.

ஆகவே சில வேண்டுகோள்கள். கணவனும் மனைவியும் இணைந்து வராத தியானத்திற்குக் குடும்பத் தியானம் என்னும் பெயரைச் சூட்ட வேண்டாம். தொலைவில் உள்ள இல்லங்களுக்குச் செல்லக் கூலி இழக்க இயலாதோர்க்குப் பங்கிலேயே, வேலையற்ற நாள்களில் நடத்துவோம். 1962இல் பார்சலோனாவில் அருள்திரு கபிரியேல் கால்வோ தொடங்கிய 'மேரேஜ் என்கவுண்டர்' வார இறுதிகளில், தம்பதியர் தம் உள்ளத்தை எழுதி ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுக்கின்றனர். எழுத இயலாதோர் பேசட்டும். மனைவி பேசும்போது கணவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். ஒலிபெருக்கி சற்றே ஓயட்டும். அடிபடும் பெண்ணைத் தனியே அழைத்துப் பேசி, அவளுக்கு 181 என்னும் உதவி எண்ணையும் சொல்லி அனுப்புவோம்.

ஓரியூரின் செம்மண்ணைப் பக்தியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தந்தையரே! அம்மண் உங்களிடம் கேட்பது மெழுகுதிரியை மட்டுமன்று. அடுத்த வேன் புறப்படும்போது வழியனுப்ப வராதீர்கள், ஏறி உட்காருங்கள்.