டோனி செத்தானா? பிழைத்தானா?

அமெரிக்காவில் 2007-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு டெலிவிஷன் தொடர்கதை முடிந்தது. முடிந்தது என்று நாம் சொல்லுகின்றோமே யல்லாமல், அது முடிந்ததா, பாதியில் நின்றதா, கதாநாயகன் செத்தானா, பிழைத்தானா என்கின்ற வழக்கு அன்று ஆரம்பமாகி இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஒரு கட்டுக்கதைக்கு இவ்வளவு பேச்சா, வேறு வேலையில்லையா என்று நமது வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. மனிதன் தனக்குத் தெரியாத ஒரு சங்கதியை எப்படி விசாரிக்கின்றான், விடை கிடைக்காத இடத்தில் என்ன செய்கின்றான் என்பதை இவ்வளவு துலாம்பரமாய்க் காட்டக்கூடிய உதாரணம் எளிதில் அகப்படாது. ஆகவே அதைச் சற்று விஸ்தரித்தே எழுதுகின்றோம்.

அத்தொடருக்குப் பெயர் 'தி சோப்ரனோஸ்' என்பது. 1999-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் துவங்கி 86 பாகங்கள் நடந்தது. நியூஜெர்சி மாகாணத்தில் ஒரு கொள்ளைக் கூட்டத்திற்குத் தலைவனாயிருக்கின்ற டோனி சோப்ரனோ என்பவனுடைய கதை. அவன் கொலை செய்வான், மிரட்டிப் பணம் பறிப்பான், வீட்டிற்கு வந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிடுவான், மனக்கலக்கத்திற்கு ஒரு பெண் டாக்டரிடம் போய் வைத்தியமும் செய்து கொள்வான். இப்பேர்ப்பட்டவனுடைய கடைசி நாளைப் பார்ப்பதற்காக ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அன்றிரவு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது என்ன? புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் ஹோல்ஸ்டன்ஸ் என்று ஒரு சிற்றுண்டிச் சாலை. டோனி அதில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்குக் காசு போடுகின்றான். மனைவி வருகின்றாள், மகன் வருகின்றான். வெங்காய வறுவல் வருகின்றது. மகனுக்கு முன்னால் ஒரு மேல்சட்டைக்காரன் உள்ளே வந்து உட்கார்ந்து, இவர்கள் பக்கம் பார்த்துவிட்டுக் கக்கூசுக்குள் போகின்றான். வெளியே மகள் காரை நிறுத்த முடியாமல் முன்னும் பின்னுமாய்த் தள்ளிக் கொண்டிருக்கின்றாள். கடைசியில் நிறுத்திவிட்டு ஓடி வருகின்றாள். கதவு மணி அடிக்கின்றது. டோனி தலையை நிமிர்த்துகின்றான். அவ்வளவுதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை. சுமார் பத்து வினாடி நேரம் திரை முழுதும் ஒரே இருட்டு. அதற்குப் பிறகு நடித்தவர்கள் பெயர்ப் பட்டியல், அதுவும் சங்கீதமில்லாமல்!

பார்த்தவர்களில் அநேகர் தங்கள் வீட்டுப் பெட்டிதான் கெட்டுப் போய்விட்டது என்று நினைத்தார்கள். பெட்டியில் கோளாறில்லை என்று தெரிந்த பிறகு, எட்டு வருஷகாலம் காத்திருந்ததற்கு இதுதானா பலன் என்று கோபித்தவர்கள் பலர். கோபம் தணிந்தவுடன் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. ஒன்று 'செத்தான்' கட்சி. மற்றொன்று 'பிழைத்தான்' கட்சி.

செத்தான் கட்சியார் காட்டும் ருஜுக்கள் லேசானவை அல்ல. அந்தக் காட்சியில் மணி அடிப்பதும், டோனி நிமிர்ந்து பார்ப்பதும், அதன்மேல் டோனியின் கண்ணுக்குத் தெரிவதை நமக்குக் காட்டுவதுமாக ஒரு ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகின்றது. கடைசித் தடவை மணி அடித்தது, அவன் நிமிர்ந்தான், அடுத்தபடி அவன் கண்ணுக்குத் தெரிந்தது இருட்டு. ஆதலால் அவன் செத்தான் என்கின்றார்கள். அன்றியும், அவ்வருஷத்துப் பாகங்களின் துவக்கத்தில் டோனியின் அக்காள் புருஷன் ஏரியில் படகில் உட்கார்ந்துகொண்டு, சாவு வருகின்றபோது அதன் சத்தம்கூட நம் காதில் விழாது போலும் என்கின்ற கருத்தில் பேசுகின்றான். முடிவுக்கு முந்திய பாகத்தில் அந்தப் பேச்சை டோனி மறுபடியும் நினைத்துக் கொள்ளுவதாகக் காட்டப்படுகின்றது. காரணமில்லாமலா அதைத் திருப்பிக் காட்டினார்கள் என்று கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான்.

பிழைத்தான் கட்சியாரும் சும்மாயில்லை. டோனியைக் கொல்ல நினைத்த பரம விரோதி அதே பாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான், நியூயார்க் கூட்டத்தோடு சமாதானமும் ஆய்விட்டது, அப்படியிருக்க அவனைக் கொல்லுகின்றவன் யார், எதற்காகக் கொல்ல வேண்டும் என்கின்றார்கள். கதவு திறக்குந்தோறும் யமன் வருகின்றானோ, போலீசு வருகின்றதோ என்று ஆயுள் முழுதும் பயந்து நிமிர்ந்து பார்க்க வேண்டியதே அவனுக்குத் தண்டனை என்கின்றார்கள். இதுவும் தள்ளத்தக்கதல்ல.

இந்த மட்டும் நாம் இரண்டு கட்சியாரையும் பாராட்டவே செய்வோம். ஏனெனில், 'எனக்குத் தோன்றுகின்றது' என்று சொல்லி நின்றுவிடாமல், இன்ன காட்சி, இன்ன பாகம், இன்ன வார்த்தை என்று எடுத்துக் காட்டி வாதாடுகின்றார்கள். பெயர் வெளியிடாத ஒருவர் 2008-ம் வருஷத்தில் அந்தச் சில நிமிஷக் காட்சியைப் பற்றிப் பதினாயிரக்கணக்கான வார்த்தைகளில் ஆராய்ச்சி எழுதினார். பொய்யையும் இவர்கள் விட்டு வைக்கவில்லை. முடிவு வெளியான சில நாளைக்குள் ஒரு வதந்தி பரவிற்று. அந்த மேல்சட்டைக்காரன் செத்துப்போன விரோதியின் உறவினன் என்றும், கடையிலிருந்த மற்றவர்களும் முன் பாகங்களில் டோனியிடம் அடிபட்டவர்கள் என்றும், பெயர் முதலாய் வைத்து ஜோடித்து விட்டார்கள். அநேகர் நம்பினார்கள். ஆனால் சிலர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்கள். அதில் அவன் பெயர் வெறும் 'மெம்பர்ஸ் ஒன்லி மேல்சட்டைக்காரன்' என்று மாத்திரமே போட்டிருந்தது. அதில் நடித்தவர் பிட்சாக் கடை நடத்துகின்றவர், முன் பாகங்களில் வந்தவரே அல்லர். வதந்தி செத்தது. நம்புவதற்கு இரண்டு நாழிகை, பார்ப்பதற்கு இரண்டு வினாடி! இந்த இரண்டு வினாடி வேலையைத்தான் உலகத்தில் பெரும்பாலோர் செய்வதில்லை.

நிற்க, இதற்குமேல்தான் கோளாறு ஆரம்பமாகின்றது. வாதத்தில் தீராததைக் கர்த்தாவின் வாயால் தீர்த்துவிடலாம் என்று இரண்டு கட்சியாரும் கதையை எழுதி அந்தப் பாகத்தை நடத்தியும் வைத்த டேவிட் சேஸ் என்பவரிடம் ஓடினார்கள். அவர் அன்றைக்குப் பிரான்சு தேசத்தில் இருந்தார். நியூஜெர்சிப் பத்திரிகை ஒன்றுக்கு, தாம் விளக்கம் சொல்லப் போவதில்லை என்றும், எல்லாம் படத்திலேயே இருக்கின்றதென்றும் சொல்லிவிட்டார். விட்டார்களா? 2014-ல் ஒருவர் கேட்டபோது டோனி சாகவில்லை என்று சொன்னதாக ஒரு கட்டுரை வந்தது. பிழைத்தான் கட்சிக்குக் கொண்டாட்டம். உடனே அவர் தரப்பிலிருந்து, அந்தப் பேச்சுத் தப்பர்த்தம் செய்யப்பட்டதென்றும், செத்தானா பிழைத்தானா என்பது விஷயமே அல்லவென்றும் மறுப்பு வந்தது. 2019-ல் வெளியான ஒரு புத்தகத்தில், பேச்சோடு பேச்சாக அவர் வாயிலிருந்து 'சாவுக் காட்சி' என்கின்ற வார்த்தை வந்துவிட்டது. செத்தான் கட்சிக்குக் கொண்டாட்டம். 2021-ல், டோனி நியூயார்க்குக்கு ஒரு கூட்டத்திற்குப் போய் அங்கே சாவதாக முதலில் யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு கைவிட்ட யோசனை அது. அப்படியிருந்தும் 'ஒப்புக்கொண்டார்' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

நாம் கேட்கின்றோம். சேஸ் நாளைக்கு 'செத்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த இருட்டில் புதிதாக ஏதாவது தெரியுமா? 'பிழைத்தான்' என்று சொன்னால் அந்தப் பத்து வினாடிக்குள் டோனி எழுந்து நடப்பானா? எழுதினவருக்குத் தம் எண்ணத்தைச் சொல்ல உரிமையுண்டு. எண்ணம் வேறு, எடுத்த படம் வேறு. எடுக்காத காட்சிக்கு எவருமே சாட்சியாக முடியாது, எடுக்காமல் விட்டவர் உட்பட.

இதைத் தெளிவாக்க ஒரு வாஸ்தவமான சாவைச் சொல்லுகின்றோம். டோனியாக நடித்த ஜேம்ஸ் காண்டோல்ஃபினி 2013-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி இத்தாலி தேசத்து ரோம் நகரத்தில் மாரடைப்பால் இறந்து போனார். வயது 51. இதற்கு நாள் உண்டு, ஊர் உண்டு, காரணம் உண்டு, வைத்தியர் உண்டு. ஒருவன் அவர் சாகவில்லை என்று வாதாடினால் அவன் சொல்வது பிசகு என்று ருஜுப்பிக்க நம்மால் முடியும். டோனி விஷயம் அப்படியா? அவன் ஒரு படச்சுருள். சுருள் எங்கே அறுந்ததோ அங்கே அவனும் அற்றான். அதற்கு மறு வினாடி அவன் செத்தும் இருக்கவில்லை, பிழைத்தும் இருக்கவில்லை. இல்லாதவனுக்கு ஜாதகம் கணிக்கலாமா? இருக்கின்ற உண்மை நமக்குத் தெரியாமலிருப்பது ஒன்று. தெரிந்துகொள்ள உண்மையே இல்லாமலிருப்பது மற்றொன்று. முதலாவதற்குத் தேட வேண்டும். இரண்டாவதற்குத் தேடுவதை நிறுத்தத் தெரிய வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததாலேயே மனிதன் அநேக காலத்தையும் பொருளையும் பாழாக்கியிருக்கின்றான்.

பொருள் என்றதும் ஒரு சங்கதி. டோனி உட்கார்ந்த அந்தக் கடைப் பலகை ஆசனம் பழசாய்ப் போனதால் 2024-ம் வருஷத்தில் ஏலத்திற்கு விடப்பட்டது. எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? 82,600 டாலருக்கு! கடைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. கொடுக்கின்றவன் இருந்தால் வாங்குகின்றவருக்கு என்ன? நடிகர் ஒருவர் உட்கார்ந்த பலகை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைத் தட்டிக் கேட்டாலும் டோனி செத்தானா பிழைத்தானா என்று அது சொல்லாது.

அப்படியானால் விவாதமே வீண் என்பது நமது கட்சியா என்றால், அல்லவே அல்ல. 'டோனிக்கு என்ன ஆயிற்று' என்கின்ற கேள்விக்குத்தான் விடையில்லை. 'படம் நம்மை எதை நினைக்கும்படி செய்கின்றது, எப்படிச் செய்கின்றது' என்கின்ற கேள்விக்கு விடையுண்டு. மணியும் பார்வையும் மாறி மாறி வரும் ஒழுங்கையும், படகுப் பேச்சையும் சேர்த்துப் பார்த்தால், சாவு மிகக் கிட்டத்தில் நிற்கின்றதென்கின்ற எண்ணத்தைப் படம் வேண்டுமென்றே வளர்க்கின்றது என்பது நமது அபிப்பிராயம். இம்மட்டில் செத்தான் கட்சியின் வாதம்தான் பலமானது. ஆனால் 'சாவை நினைக்க வைத்தார்கள்' என்பது வேறு, 'செத்தான்' என்பது வேறு. முன்னது கண்ணால் கண்டது. பின்னது நாமாகச் சேர்த்தது.

சேர்ப்பதற்குக் காரணமும் உண்டு. எட்டு வருஷமாய் ஒரு கொலைகாரனோடு ஒட்டி உட்கார்ந்து, அவன் திருட்டைப் பார்த்து ரசித்து, அவன் தப்புந்தோறும் சந்தோஷப்பட்ட ஜனங்களே, கடைசி நாளில் அவன் இரத்தத்தைக் காட்டவில்லையே என்று கோபித்துக் கொண்டார்கள் என்று சேஸ் குறைப்பட்டுக் கொண்டார். சிலருக்கு அவன் தண்டனை அடைய வேண்டும், அதனால் செத்தான். சிலருக்கு அவன்மேல் பிரியம், அதனால் பிழைத்தான். கறுப்புத் திரையில் அவரவர் தெரிந்துகொண்டது அவரவர் ஆசையைத்தான். ஆசை சாட்சியாகாது, பிரியம் ருஜுவாகாது.

வாசகர்களே! ஒரு கட்டுக்கதையின் கடைசிப் பத்து வினாடி இருட்டைச் சகிக்க முடியாமல் இத்தனை வருஷம் தவித்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இருட்டை இருட்டென்று சொல்லத் தைரியம் உண்டு? தெரியாத இடத்தில் எவனாவது ஒருவன் வந்து 'எனக்குத் தெரியும்' என்றால் அவன் காலில் விழாமல், 'எப்படித் தெரியும்?' என்று கேட்கின்றவர்கள் எத்தனை பேர்? ருஜு உள்ள மட்டும் வாதாடுங்கள். ருஜு தீர்ந்த இடத்தில் 'தெரியாது' என்று கூச்சமின்றிச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரிந்தவனை எந்தப் புரட்டனும் ஏமாற்ற முடியாது.