130 டாலருக்குப் போன மாவீரன்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சென்ற மாதம் ஒரு சிறு தகராறு. அலமாரியைத் துடைத்து ஒழுங்குபடுத்த முன்வந்த மூத்த தோழர் ஒருவர், அடித்தட்டில் கிடந்த பழைய படக்கதைப் புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டி, எடைக்குப் போடுவதற்காக வாசலில் வைத்துவிட்டார். லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ், இடையிடையே சில இங்கிலீஷ் புத்தகங்கள். எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோ இருக்கும்.

"இதை ஏன் அண்ணாச்சி கட்டினீங்க?" என்று கேட்டேன்.

"பின்னே? கால்சட்டைக்கு மேலே ஜட்டியைப் போட்டுக்கிட்டு ஆகாயத்திலே பறக்கிறவன் கதை நம்ம படிப்பகத்துக்கு எதுக்கு? அமெரிக்காக்காரன் பிள்ளைகளைக் கெடுக்க அனுப்பின சரக்கு" என்றார்.

நான் கட்டைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டேன். "நீயுமா?" என்பது போல் அவர் பார்த்தார். ஆமாம், நானும்தான். என் தகப்பனார் மில்லில் சைடர். சம்பள நாளன்று ராத்திரி ஷிப்டு முடிந்து வரும்போது, பஸ் நிலையத்துக் கடையில் ஒரு படக்கதை வாங்கி வருவார். இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். நாற்பது வருஷமாகிறது. இன்றைக்கும் அந்த ஜாதிச் சினிமா தமிழில் பேசிக்கொண்டு வந்தால் முதல் ஆட்டத்துக்குப் போகிறவன் நான். ஆகவே இது ஒரு ரசிகனின் வாக்குமூலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1950களில் இங்கிலாந்தில் நம் தோழர்களே அமெரிக்கப் படக்கதைகளுக்கு எதிராக முன்னின்று இயக்கம் நடத்தினார்கள். 1955இல் அங்கே தடைச் சட்டமும் வந்தது. ஆனால் சரக்கைக் குப்பையில் போடுவதற்கு முன், அதைச் செய்த கை யாருடையது, லாபம் யார் மடியில் விழுந்தது என்று பார்க்க வேண்டாமா? மில்லில் வேலை செய்கிற நாம் நூலைப் பார்த்தால் அதைத்தானே முதலில் கேட்போம்?

யார் பெற்ற பிள்ளை?

பறக்கும் மனிதன் சூப்பர்மேனைப் பெற்றவர்கள் இருவர். கதை எழுதியவர் ஜெர்ரி சீகல், படம் போட்டவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். வளர்ந்தது கிளீவ்லண்டு என்ற இரும்பாலை நகரத்தில். ஷுஸ்டரின் தகப்பனார் தையல்காரர். சீகலின் தகப்பனார் சின்னத் துணிக்கடை வைத்திருந்தார். 1932இல் கடையில் திருட வந்தவர்களைக் கண்ட இடத்திலேயே மாரடைத்து இறந்தார். வேலையில்லாத் திண்டாட்டம் அமெரிக்காவை ஆட்டிப் படைத்த காலம் அது. ஷுஸ்டருக்குப் படம் போடக் காகிதம் வாங்கப் பணமில்லை. பொட்டலம் மடிக்கிற தாளின் பின்பக்கத்தில் வரைந்தார்.

பல பிரசுராலயங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கதையை 1938இல் ஒரு நியூயார்க் கம்பெனி வாங்கிக்கொண்டது. பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கம், ஆக 130 டாலர். சுத்தமான பீஸ் ரேட்! அந்தப் பணத்தோடு சூப்பர்மேன் மீதுள்ள சகல உரிமையும் என்றென்றைக்கும் கம்பெனிக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேறு வேலைகளுக்கான பாக்கியையும் சேர்த்துக் கொடுத்த செக் 412 டாலர். அந்தச் செக் தாளை மட்டும் 2012இல் ஏலம் விட்டபோது 1,60,000 டாலருக்குப் போயிற்று! கதை வெளிவந்த அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. காகிதத்துக்கு இந்த மரியாதை. எழுதிய கைக்கு 130.

சரி, அந்த ஆரம்பக் கதைகளில் சூப்பர்மேன் என்ன செய்தான்? இதைத்தான் நான் அண்ணாச்சிக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். அவன் வேற்றுக் கிரகத்துப் பூதங்களோடு சண்டை போடவில்லை. இரண்டாவது இதழில், யுத்தத்தைத் தூண்டிவிட்டுக் கொள்ளை லாபம் அடிக்கிற ஆயுத ஆலை முதலாளி ஒருவனைப் பிடித்து, அவன் விற்ற குண்டுகள் வெடிக்கிற போர்முனைக்கே சிப்பாயாக அனுப்பி வைக்கிறான். தலைக்கு மேல் குண்டு பறக்கும்போதுதான் முதலாளிக்கு ஞானம் பிறக்கிறது.

மூன்றாவது இதழ் இன்னும் விசேஷம். சுரங்கம் இடிந்து ஒரு தொழிலாளி உள்ளே மாட்டிக்கொள்கிறான். பாதுகாப்பு ஏற்பாடு ஏதும் இல்லை. அபாய மணிகூட வேலை செய்வதில்லை. முதலாளியோ, காயம் பட்டவனைப் பற்றிக் கவலைப்படுவது தன் தொழில் அல்ல என்கிறான். சூப்பர்மேன் தொழிலாளி வேஷத்தில் உள்ளே நுழைகிறான். முதலாளியின் பங்களாவில் விருந்து நடக்கிறது. பட்டும் நகையுமாக வந்திருந்த கூட்டம் வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறது. வெளியே வரும் வழியை அவன் இடித்து மூடிவிடுகிறான். இனி அவர்களே மண்வெட்டி பிடிக்க வேண்டும்! அபாய மணியை இழுக்கிறார்கள், அடிக்கவில்லை. கை கொப்பளித்து, மூச்சு முட்டி, கீழே விழுந்த பிறகுதான் விடுகிறான். சுரங்கத்தைப் பத்திரமானதாக ஆக்குவேன் என்று முதலாளி வாக்குக் கொடுக்கிறான். புளோ ரூமில் பஞ்சுத் தூசியைத் தின்றவர்களுக்கும், பட்டாசு ஆலையில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களுக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைநிறுத்தம் இல்லை, சங்கம் இல்லை, ஒரே ஒரு பறக்கும் மனிதன் வந்து நியாயம் வழங்குகிறான். இது கனவுதானே என்று கேட்பீர்கள். கனவுதான். ஆனால் பசித்தவன் கண்ட கனவு.

அந்தக் கனவு நீடிக்கவில்லை. புத்தகம் லட்சக்கணக்கில் விற்க ஆரம்பித்ததும் சுரங்க முதலாளியும் ஆயுத ஆலை முதலாளியும் கதையை விட்டு மறைந்தார்கள். பாங்குக் கொள்ளையனும் பைத்தியக்கார விஞ்ஞானியும் வந்து சேர்ந்தார்கள். 1954இல் அமெரிக்கப் படக்கதைப் பிரசுரகர்த்தர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். போலீசார், நீதிபதி, சர்க்கார் அதிகாரி ஆகியோர் மீது மரியாதைக் குறைவு ஏற்படும்படி எதுவும் வரக்கூடாது என்பது அதில் ஒரு விதி. பிறகு என்ன, மாவீரன் காவல்காரன் ஆகிவிட்டான்.

1963இல் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். அயர்ன் மேன் என்று புதிய வீரன் வந்தான். அவன் யார்? ஆயுத ஆலை முதலாளி! 1938இல் எவனைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பினார்களோ, அவனே இப்போது கதாநாயகன். எங்கே காயம் படுகிறான்? வியட்நாமில். வில்லன்? வியட்நாம் கொரில்லாப் படைத் தலைவன். 2008இல் சினிமா எடுத்தபோது வியட்நாமை ஆப்கானிஸ்தானாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் படத்தில் அவன் ஆயுத உற்பத்தியை நிறுத்துகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஆலையில் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று உறைத்தது.

பாட்மேன் கதை வேறு. அவன் பிறவிப் பணக்காரன். 2012இல் வந்த மூன்றாம் படத்தில், பணக்காரர்களிடமிருந்து நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களிடம் பேசுகிறவன் வில்லன். அவன் உள்ளூற நகரத்தையே அணுகுண்டு வைத்து அழிக்க வந்தவன். அதாவது, உரிமை பேசுகிறவன் எவனும் குண்டு வைக்கிறவன்தான்! படம் பிடித்த நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

கண் மங்கிய சித்திரக்காரர்

சீகலும் ஷுஸ்டரும் 1947இல் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் ஏதோ ஒரு தொகையோடு சமரசம் முடிந்தது, வேலை போயிற்று, புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரும் போயிற்று. சீகல் 1959இல் அதே கம்பெனிக்குத் திரும்பிப் போய்ப் பெயரில்லாமல் எழுதினார். உரிமை கேட்டதால் 1960களின் நடுவில் அதுவும் நின்றது. 1975இல், சூப்பர்மேனை மாபெரும் சினிமாவாக எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அறுபதைத் தாண்டிய சீகல் கலிபோர்னியாவில் குமாஸ்தா. ஷுஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் உட்கார்ந்து, பத்திரிகை பத்திரிகையாகக் கடிதம் எழுதி அனுப்பினார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் ஆகிய சித்திரக்காரர்கள் சக கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு துணை நின்றார்கள். ஊர் சிரித்தது. கம்பெனி இறங்கி வந்தது: ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர், புத்தகத்திலும் படத்திலும் பெயர்.

1978இல் வந்த அந்தப் படத்தில் சூப்பர்மேனின் தகப்பனாராக நடித்த மார்லன் பிராண்டோ திரையில் தோன்றுவது இருபது நிமிஷத்துக்கும் குறைவு. சம்பளம் சுமார் 37 லட்சம் டாலர். லாபத்தில் பங்கு வேறு. ஒரு ஷுஸ்டருக்கு அது 185 வருஷத்துப் பணம். கணக்கு நான் போட்டதுதான், சரி பார்த்துக்கொள்ளுங்கள். பிராண்டோ மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படமும் எனக்கு உயிர். அதன் வில்லன் நில வியாபாரி. பாலைவனத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டு, கடற்கரை ஊர்களையெல்லாம் குண்டு வைத்துக் கடலில் மூழ்கடித்தால், தன் நிலம் கடற்கரை மனையாகி விலை ஏறும் என்று திட்டம் போடுகிறான். புறவழிச்சாலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து நஞ்சையை வளைக்கிறவர்களைப் பார்த்திருக்கிற நமக்கு அவன் அந்நியன் அல்ல.

ஜாக் கர்பியின் கதையும் இதே ஜாதிதான். ஆயத்த ஆடைத் தொழிலாளியின் மகன். அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு முன்பே, ஜோ சைமனோடு சேர்ந்து, ஹிட்லரின் முகத்தில் குத்துவிடும் கேப்டன் அமெரிக்காவைப் படைத்தவர். பிறகு தாமே சிப்பாயாகப் பிரான்சில் நாஜிகளோடு போரிட்டவர். ஹல்க், தோர், அவெஞ்சர்ஸ் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. 1970களில் அந்தக் கம்பெனி கொடுத்த செக்கின் பின்புறம், உரிமையெல்லாம் கம்பெனிக்கே என்ற வாசகம் இருக்கும். கையெழுத்துப் போடாமல் பணம் மாறாது. போட்டால் உரிமை போயிற்று. தம் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் சுமார் 2,000 பக்கங்களைத் திரும்பப் பெற 1987 வரை போராடினார். 1994இல் காலமானார். வாரிசுகளின் வழக்கு 2014இல் சமரசமாயிற்று. அதற்குள் 2009இலேயே அந்தக் கம்பெனியை டிஸ்னி 400 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2019இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் என்ற ஒரே படம் உலகமெங்கும் வசூலித்தது சுமார் 280 கோடி டாலர்.

இப்போது படங்களில் பறப்பதும் இடிவதும் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி பகலாகக் கண் விழித்து அதைச் செய்கிற தொழிலாளிகள் இருக்கிறார்கள். அந்தத் தொழிலின் ஒரு பகுதி மும்பையிலும் சென்னையிலும்கூட நடக்கிறது. மார்வெல் ஸ்டூடியோவில் இந்த வேலை செய்யும் தொழிலாளிகள் 2023 செப்டம்பரில் சங்கத்துக்கு வாக்களித்தார்கள். ஒரு ஓட்டுக்கூட எதிராக விழவில்லை.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் வேலை போன சீகல், இங்கிலாந்தின் லயன் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். குற்றவாளிகளுக்கு ராஜாவாக வேண்டும் என்று கிளம்பி, பிறகு மனம் மாறுகிற ஒரு விசித்திர மனிதனின் கதை. டெட் கோவன் ஆரம்பித்து வைத்ததை இவர் தொடர்ந்தார். படம் ரெக் பன். எழுதியவர் பெயர் போடுகிற வழக்கம் அந்தப் பத்திரிகையில் இல்லை. அந்தக் கதைகள்தான் 1980களில் சிவகாசிக்கு வந்து, லயன் காமிக்ஸில் தமிழாகி, பஸ் நிலையத்துக் கடையில் தொங்கின. என் தகப்பனார் சம்பள நாளன்று வாங்கி வந்த ஸ்பைடர் அவன்தான். 130 டாலருக்குச் சூப்பர்மேனைப் பறிகொடுத்தவர் எழுத்தைத் தெரியாமலேயே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன்.

கட்டைப் பிரித்து, ஸ்பைடர் புத்தகங்களின் முதல் பக்கத்தில் பேனாவால் 'ஜெர்ரி சீகல், ரெக் பன்' என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அதே அடித்தட்டில் வைத்தேன். அண்ணாச்சி ஒன்றை எடுத்துப் புரட்டினார். "அந்தச் சுரங்கக் கதை இதிலே எங்கே இருக்கு?" என்று கேட்டார். அது தமிழில் என் கையில் இல்லை என்றேன். "அப்போ நீயே எழுதிக் கொடு" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.