மெக்னீசிய ஃபிரேமும் பிடோக்கின் உப்புக் காற்றும்

சிங்கப்பூரின் பிடோக்கில் சைக்கிள் ஓட்டுவோர் எல்லோரும் மெக்னீசிய ஃபிரேமுக்கு மாறவேண்டும் என்று எழுதியிருக்கும் நண்பர், ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வாசகரை ஏய்க்கிறார். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74 கிராம், எனவே ஃபிரேமும் மூன்றில் ஒரு பங்கு எடை குறையுமாம். விறைப்பைப் பற்றி மூச்சே விடவில்லை. அலுமினியத்தின் மீள்மைக் குணகம் சுமார் 69 கிகாபாஸ்கல், மெக்னீசியத்துக்கு 45தான். எடை குறையும் அதே விகிதத்தில் விறைப்பும் குறைகிறது. அதே விட்டமுள்ள குழாயில் அதே விறைப்பு வேண்டுமென்றால் சுவரை ஒன்றரை மடங்கு தடிப்பாக்க வேண்டும். மிச்சம் பிடித்த எடை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதிர்வை விழுங்கும் என்கிறார். தூய மெக்னீசியம் விழுங்கும். தூய மெக்னீசியத்தில் யார் ஃபிரேம் செய்கிறார்கள்? வலுவுக்காக அலுமினியமும் துத்தநாகமும் சேர்த்ததுமே அந்தக் குணம் பெருமளவு போய்விடுகிறது. தீப்பிடிக்கும் என்ற பயம் வீண் என்று அவர் சொல்வது மட்டும் சரி; எளிதில் பற்றுவது சீவலும் தூளும்தான்.

ஆனால் பிடோக்கில் கேட்கவேண்டிய கேள்வி தீயைப் பற்றியதல்ல, உப்பைப் பற்றியது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பிடோக் ஜெட்டி வரை ஓட்டிவிட்டு, வண்டியைத் துடைக்காமல் வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பூட்டி வைப்பவர்கள் நாம். கட்டுமான உலோகங்களில் மெக்னீசியம்போல் எளிதாக அரிபடுவது வேறில்லை. எஃகுத் திருகும் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால் போதும், திருகு பிழைத்துக்கொள்ளும், சுற்றியிருக்கும் மெக்னீசியம் கரையும். பூச்சு இருக்கிறதே என்கிறார் நண்பர். பூட்டுச் சங்கிலி உரசி அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழ எத்தனை நாளாகும்? சீட் கம்பி நுழையும் இடத்திலும் பெடல் அச்சின் கூட்டிலும் அரிப்பு உள்ளே நடக்கும். கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

வரலாறு தன் பக்கம் என்பது இன்னும் துணிச்சலான பேச்சு. 1980களில் பிரிட்டனின் ஃபிராங்க் கிர்க், நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ ஆதரவுடன் மெக்னீசியத்தை வார்த்து ஃபிரேம் செய்தார். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. பினரெல்லோவின் முதல் டோக்மா மெக்னீசியம்தான். அதே பெயரில் இன்று விற்பது கார்பன். பணமும் பொறியியலும் கையில் இருந்தவர்களே விட்டுவிட்ட வழி இது.

மின்சைக்கிளுக்கு இங்கே 20 கிலோ வரம்பு உண்டு, அதனால் மெக்னீசியம் கட்டாயம் என்பது அவரது கடைசி அம்பு. அந்த வண்டியில் எடையைக் கூட்டுவது பேட்டரியும் மோட்டாரும். உணவு விநியோகத்துக்காக மழையிலும் வெயிலிலும் நாள் முழுக்க ஓட்டுபவரை, அரிப்பு வெளியே தெரியாத ஃபிரேமை வாங்கச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் மெக்னீசியம் நன்றாகவே உழைக்கிறது, மறுக்கவில்லை. தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். ஃபிரேமை அப்படிக் கழற்றி மாற்ற முடியுமா? தண்ணீர் பாட்டில் தாங்கியின் திருகு இறங்கும் மரைக்குள் எந்தப் பூச்சு நிலைக்கும் என்பதை நண்பர் முதலில் சொல்லட்டும்.