பத்து வேலி நிலம்

108 திவ்ய தேசங்களுள் ஒன்று, லால்குடிக்கு அருகிலுள்ள அன்பில். அவ்வூரினர் சுந்தர சோழரின் அமைச்சரான அநிருத்த பிரமராயர். 10-ஆம் நூற்றாண்டில் மன்னர் அவருக்குக் கருணாகரமங்கலம் என்ற பெயரில் 10 வேலி நிலம் வழங்கினார். இன்றைய கணக்கில் சுமார் 66 ஏக்கர். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நாட்டுவது அக்கால மரபு.

அன்பில் செப்பேடு நிலத்தின் அளவோடு நிற்கவில்லை. அக்குடும்பத்தின் முன்னோர் திருவரங்கநாதருக்குச் செய்த தொண்டையும் உரைக்கிறது. பின்னர் பாண்டியர், நாயக்கர், ஆங்கிலேயர் என நிலத்துக்கு உரியோர் மாறினர். செப்பேட்டில் பதிந்த தொண்டு மட்டும் மாறவில்லை.

பூர்வீக நிலத்தைப் பங்கிடும் பெரியோர் பட்டாவையும் பத்திரத்தையும் மட்டும் ஒப்படைத்தல் போதாது. அவ்விளைச்சலிலிருந்து கோயிலுக்கு அளந்த நெல்லையும் ஏற்றிய விளக்கையும் எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத கட்டளை, நிலம் விலைபோகும் அன்றே அணைந்துவிடும்.