மஞ்சள் மீன் தொட்டியோடு இருக்கட்டும்

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்லும் விவசாயிகள் நம்மிடையே ஏராளம். அத்தகைய கடினத் தண்ணீரிலேயே செழித்து வளரும் மீன் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே உள்ள மலாவி ஏரியின் பாறைக் கரைதான் அதன் தாயகம். சுமார் நான்கு அங்குலமே வளரும். எலுமிச்சம்பழ மஞ்சள் உடல். முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு. வண்ண மீன் கடைகளில் இதை மஞ்சள் சிக்லிட் என்பார்கள்.

சிறு விவசாயிகள் இதனை உபதொழிலாகச் செய்யலாம் என்பதே என் கருத்து. மலாவி ஏரித் தண்ணீரின் கார அமில நிலை ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. நமது கிணறுகள் பலவற்றின் தண்ணீர் இதற்கு ஒத்துவரும். ஆனால், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் வேறு; அது கூடாது. முதலில் தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண் மீன்கள் வீதம் சிமென்ட் தொட்டியில் விடலாம். ஒன்றையொன்று துரத்தும் குணமுள்ளதால், ஒளிந்து கொள்ளக் கற்களை அடுக்கி வைக்க வேண்டும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரித்து, மூன்று, நான்கு வாரங்கள் பெரும்பாலும் இரை எடுக்காமல் குஞ்சுகளைக் காக்கும். ஓர் ஈட்டுக்குப் பத்து, இருபது குஞ்சுகள்தான் கிடைக்கும். கெண்டை மீனைப் போல லட்சக்கணக்கில் எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே, வாங்குபவர் யார், என்ன விலை என்று விசாரித்து அறிந்த பிறகு இரண்டு தொட்டிகளோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குஞ்சுகள் விலை போகாதபோது, கொல்ல மனமில்லாமல் பக்கத்து ஏரியில் விட்டுவிடத் தோன்றும். அந்த இரக்கம் ஊருக்கே நஷ்டமாக முடியலாம்.

நம் ஜிலேபிக் கெண்டையும் இதே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மீன்தான். 1952ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் முட்டையை வாயில் காப்பதுதான். சிறு வயதிலேயே இனப்பெருக்கம் செய்து, குளம் முழுதும் பெருகி, கட்லா, ரோகு குஞ்சுகளின் இரைக்குப் போட்டியாக வந்தது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இது தெரியும்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1950களில் அங்கே நைல் கொடுவா என்னும் பெரிய மீனை விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது, அந்த ஏரிக்கே உரிய சிறு சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன அல்லது அரிதாகிவிட்டன. ஏற்றுமதியால் பணம் வந்தது உண்மைதான். ஆனால் போன மீன்களில் பல திரும்பவில்லை.

மஞ்சள் சிக்லிட் சாதுவான சிறு மீன்தானே, நம் ஏரியில் பிழைக்கவா போகிறது என்று சிலர் கேட்கலாம். பிழைக்குமா என்று சோதித்துப் பார்க்க ஊர் ஏரி நம் வீட்டுத் தொட்டி அல்ல. ஒருவர் விடுவதை ஊரே சேர்ந்தாலும் திரும்பப் பிடிக்க முடியாது.

எனவே, தொட்டியின் வடிகுழாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். கழிவுத் தண்ணீரை ஓடையில் விடாமல் தென்னம்பாத்திக்குப் பாய்ச்சுங்கள், மரத்துக்கும் நல்லது. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும் இடத்தில் தொட்டி கட்டாதீர்கள். விற்காத மீனை வேறு வளர்ப்பவருக்கு இலவசமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

தொட்டியில் இருக்கும் வரை அது நமக்கு வருமானம். ஏரிக்குப் போனால் ஊருக்கே வம்பு.